பெட்ரோல் எங்கே போகிறது? வெயில் ஊரில் குளிரில் நடுங்கும் எஞ்சின்!

மார்கழி மாதம். காலை மணி நாலரை. ஸ்ரீவில்லிபுத்தூர் விழித்துக்கொண்டு விட்டது. ஆண்டாள் கோவில் பக்கமிருந்து திருப்பாவை கேட்கிறது. தெருவில் பெண்கள் கோலம் போடுகிறார்கள்.

ஒரு வீட்டு வாசலில் மட்டும் வேறு சத்தம்.

"கொர்... கொர்... கொர்ர்ர்..."

பழைய வேன் ஒன்று இருமுகிறது. ஓடத் தொடங்குகிறது. உடனே நின்றுவிடுகிறது. மறுபடியும் சாவியைத் திருப்புகிறார், வேன்காரர். மறுபடியும் இருமல். பின்னால் குழாயிலிருந்து புகை. பெட்ரோல் வாடை தெருவெல்லாம் வீசுகிறது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

"சோக்கை இழுத்தீங்களா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்கிறார்.

"இழுத்துத்தான் இருக்கேன்!" என்று எரிந்து விழுகிறார், கணவர்.

பத்து நிமிஷத்துக்குப் பிறகு வண்டி புறப்பட்டது. பின்னால் பால்கோவா டின்கள். அவை ராஜபாளையத்துக் கடைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். தூரம் சுமார் 12 கிலோமீட்டர். போய்விட்டுத் திரும்பவேண்டும். மாலையில் இன்னொரு நடை. உள்ளூர் அலைச்சலையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெயர் பெரிது. ஆனால் அதை ஏற்றிச் செல்லும் இந்த வேன்காரருக்கு மிஞ்சும் காசு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் பெட்ரோல் தின்றுகொண்டிருந்தது.

கணக்கு நோட்டு சொன்ன சேதி

"முன்னே லிட்டருக்கு 13 கிலோமீட்டர் போன வண்டி. இப்ப 11 தாண்டலை" என்றார், அவர் நம்மிடம்.

சந்தேகம் முதலில் பெட்ரோல் பங்க் மீது போயிற்று. பங்க்கை மாற்றினார். பிறகு இன்னொரு பங்க். ஒன்றும் ஆகவில்லை. பிளக்கை மாற்றினார். ஏர் பில்ட்டரை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். செலவுதான் ஆயிற்று. வண்டி வயதாகிவிட்டது, விற்றுவிடலாம் என்ற பேச்சு வந்தது. மகள் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். வேனை விற்றால் தொழில் இல்லை. தொழில் இல்லாவிட்டால் பீஸ் இல்லை.

இந்த இடத்தில்தான் அவருடைய மனைவியைப் பாராட்டவேண்டும். அந்த அம்மாள் அதிகம் படித்தவர் அல்ல. முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். ஆனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். என்றைக்கு எத்தனை லிட்டர் போட்டது, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பணம் — எல்லாம் அதில் இருக்கிறது.

அந்த நோட்டைப் புரட்டினோம். மாசி, பங்குனியில் கணக்கு ஒழுங்காக இருந்தது. சித்திரை நடுவில் ஒரு நாள் "ரேடியேட்டர் கொதித்தது, மெக்கானிக்" என்று எழுதியிருந்தது. அந்த வாரத்திலிருந்துதான் பெட்ரோல் செலவு ஏறியிருக்கிறது!

அதாவது, வண்டி காலப்போக்கில் கிழடு தட்டிக் கெட்டுப் போகவில்லை. ஒரே நாளில் கெட்டிருக்கிறது. அன்று யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். 13 கிலோமீட்டர் கொடுத்தால் 3.85 லிட்டர் வேண்டும். 11 கொடுத்தால் 4.55 லிட்டர். வித்தியாசம் 0.7 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாள் ஒன்றுக்கு 70 ரூபாய் காற்றோடு போகிறது. மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 1,750 ரூபாய். வருஷத்துக்கு 21 ஆயிரம்!

மேஸ்திரி தொட்டுப் பார்த்தார்

ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஒர்க்ஷாப். மில் லாரிகளும் ஜீப்புகளும் பார்த்துப் பழகிய வயதான மேஸ்திரி ஒருவர். வேன்காரர் வண்டியை அங்கே கொண்டுபோனார். நாமும் கூடப் போனோம்.

"வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க தம்பி. காலையில் நான் வந்து பார்க்கிறவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது" என்றார், மேஸ்திரி.

மறுநாள் காலை. எஞ்சின் ஜில்லென்று இருந்தது. மேஸ்திரி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்பானரைத் தொடவில்லை. எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோசைத் தொட்டார். அவ்வளவுதான்! ஒரு நிமிஷம் கழித்துத் தொட்டார். மூன்று நிமிஷம் கழித்துத் தொட்டார். நம்மையும் தொடச் சொன்னார். ஹோஸ் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது.

"இது தப்பு. இந்த ஹோஸ் ரொம்ப நேரம் பச்சையாக இருக்கணும். பிறகு திடீரென்று சுடணும். ஆரம்பத்திலிருந்தே தண்ணி ரேடியேட்டருக்குப் போகுது. உள்ளே தெர்மாஸ்டாட் இல்லை. இல்லாவிட்டால், திறந்தபடியே செத்துப் போச்சு" என்றார்.

மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். இரண்டு போல்ட்டுதான். உள்ளே தெர்மாஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது!

வேன்காரருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சித்திரையில் வண்டி கொதித்து நின்றபோது ஒரு மெக்கானிக் எதையோ கழற்றி, "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை அண்ணாச்சி" என்று சொன்னாராம். வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டு சுடாமல் இருந்தால் சரி என்று இவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

எஞ்சினுக்கும் உடம்புச் சூடு உண்டு

தெர்மாஸ்டாட் என்பது என்ன? எலுமிச்சம்பழம் அளவு இருக்கும் ஒரு சின்ன வால்வு. அதன் நடுவில் பித்தளைக் குப்பி. குப்பிக்குள் ஒருவகை மெழுகு. சூடு ஏறினால் மெழுகு உருகும். உருகினால் அதன் பருமன் கூடும். அந்தப் பலத்தில் ஒரு சிறு தண்டு தள்ளப்படும், கதவு திறக்கும். சூடு இறங்கினால் மெழுகு சுருங்கும். ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும். மின்சாரம் இல்லை. ஆள் இல்லை. தானே திறக்கும், தானே மூடும். இந்த மெழுகு யோசனையை 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்தார். அதற்கு முந்திய வண்டிகளில் மெழுகுக்குப் பதில், எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்த துருத்தி இருந்தது.

இந்தக் கதவின் வேலை என்ன?

எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போனால் காற்றுப் பட்டுக் குளிரும். காலையில் வண்டி புறப்படும்போது தண்ணீர் குளிரவே கூடாது. ஆகவே கதவு மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சீக்கிரம் சுடும். சூடு பல வண்டிகளில் 82 டிகிரி சென்டிகிரேடுக்கு வந்ததும் கதவு திறக்கத் தொடங்கும். (சில வண்டிகளில் இன்னும் கூடுதல்.) மேலும் 10, 12 டிகிரி ஏறும்போது முழுவதும் திறந்துவிடும்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம். "நம்ம ஊர் வெயில்!" என்கிறோம். சித்திரை மாதத்து நடுப்பகலில் எவ்வளவு சூடு? 40 டிகிரி இருக்கலாம். நமக்கு அது நெருப்பு. ஆனால் எஞ்சினுக்கு வேண்டியது 80, 90 டிகிரி. அதற்கு 40 டிகிரி என்பது பச்சைத் தண்ணீர்தான்!

மனிதனுக்கு 98.6 டிகிரி பாரன்ஹீட் உடம்புச் சூடு. கொடைக்கானலில் இருந்தாலும் அதுதான். வேலூரில் இருந்தாலும் அதுதான். வெயில் ஊர்க்காரன் என்பதற்காக யாரும் உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்வதில்லை. எஞ்சினும் அப்படித்தான்.

குளிர்ந்த எஞ்சின் ஏன் அதிகம் குடிக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் விறகடுப்பைப் பாருங்கள். காய்ந்த விறகு கொழுந்துவிட்டு எரியும். ஈர விறகு புகையும். எத்தனை வைத்தாலும் பால் சுண்டாது.

பெட்ரோலும் அப்படித்தான். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் துளியாக ஒட்டிக்கொள்ளும். எரிவதற்குப் போதாமல் போகும். ஆகவே இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றவேண்டும். அதற்குத்தான் சோக். சோக்கை இழுத்தால் காற்று குறையும், பெட்ரோல் கூடும். அந்தக் கூடுதல் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகையாக வெளியே போகிறது. பாட்டி மூக்கைப் பொத்தியது அதனால்தான்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கார்களில் கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது. அந்த வண்டிகளில் சோக்கு பிடியைக் காணமுடியாது. ஆனால் உள்ளே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி அதே வேலையைச் செய்கிறது. தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அதுவும் பெட்ரோலை அதிகமாக விடும். தெர்மாஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் தண்ணீர் சுடவே சுடாது. பெட்டியும் விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும்!

பெட்ரோல் செலவு மட்டுமா? இல்லை. இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாக இருந்தால் அது ஆவியாக வெளியேறிவிடும். நம் கண்ணில் படாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதில் கொஞ்சம் உள்ளேயே தண்ணீராக நிற்கும். சைலன்சரில் நின்றால் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகும். ஆயிலில் கலந்தால் ஆயில் கெடும்.

மேஸ்திரி ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் கெட்டி மோர் போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்த பசை அது. (ஒரு எச்சரிக்கை: இதே வெள்ளைப் பசை ஹெட் காஸ்கெட் போனாலும் வரும். ரேடியேட்டர் தண்ணீரும் அடிக்கடி குறைந்தால் அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளவேண்டும்.)

அத்துடன் சுவரில் ஒட்டும் பெட்ரோல் துளிகள் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகின்றன. இரும்போடு இரும்பு உரசுகிறது. பிஸ்டன் ரிங் தேய்கிறது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் எஞ்சின் சுழலவே அதிக பலம் வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு கிலோமீட்டர்

நீண்ட தூரம் போகும் வண்டியானால் ஓரளவு தப்பிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். நல்ல தெர்மாஸ்டாட் உள்ள வண்டி முதல் சில கிலோமீட்டரில் சூடாகிவிடும். மீதித் தூரம் முழுவதும் சிக்கனமாக ஓடும்.

ராஜபாளையத்துக்குப் போகிற வண்டியின் கதை வேறு. சூடாவதற்கே பாதித் தூரம் போய்விடுகிறது. சரக்கை இறக்கி, டீ குடித்து, பேசிவிட்டு வரும்போது எஞ்சின் திரும்பவும் ஆறிப் போகிறது. தெர்மாஸ்டாட்டும் இல்லாவிட்டால்? அந்த வேன் எட்டு மாதமாக ஒரு நாள்கூட முழுச் சூட்டை எட்டியதே இல்லை! முள் எப்போதும் அடியிலேயே கிடந்தது. "முள் ஏறவே இல்லை, வண்டி ரொம்ப கூல்" என்று வேன்காரர் பெருமைப்பட்டிருக்கிறார்.

இரண்டு ஊருக்கும் இடையே கல்யாணம், மில் வேலை, கடை வியாபாரம், ஆஸ்பத்திரி என்று ஓடாத வண்டி கிடையாது. குறுகிய தூரம் ஓடும் வண்டிகளுக்குத்தான் தெர்மாஸ்டாட் மிகவும் அவசியம். அவற்றில்தான் அதை அதிகமாகக் கழற்றி எறிகிறார்கள்.

ஏன் கழற்றுகிறார்கள்?

மெக்கானிக்குகளையும் ஒரேயடியாகக் குறை சொல்லக்கூடாது. தெர்மாஸ்டாட் மூடிய நிலையில் கெட்டுப்போவதும் உண்டு. அப்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. எஞ்சின் கொதித்துவிடும். நடுவழியில் கார் நிற்கிறது, குழந்தை அழுகிறது, புது தெர்மாஸ்டாட் அங்கே கிடைக்காது. அப்போது அதைக் கழற்றிவிட்டு வீடு போய்ச் சேருவது சரிதான். வீட்டுக்கு வந்த பிறகு புதிது போட மறந்துவிடுவதுதான் தவறு.

இன்னொரு காரணம், ரேடியேட்டர் அடைப்பு. பழைய வண்டிகளில் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. குழாய் அடைபடுகிறது. வண்டி கொதிக்கிறது. தெர்மாஸ்டாட்டைக் கழற்றினால் கொஞ்ச நாளைக்குக் கொதிப்பு அடங்கின மாதிரி இருக்கும். வியாதி அப்படியே இருக்கும்.

சில எஞ்சின்களில் வேடிக்கை இன்னும் அதிகம். தெர்மாஸ்டாட் திறக்கும்போது, அதன் இன்னொரு முனை எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை அடைக்கும்படி செய்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பி வரும். குளிர்ச்சிக்காகக் கழற்றிய வண்டி, மேட்டில் ஏறும்போது முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும்!

நம் வேனிலும் மூலகாரணம் ரேடியேட்டர்தான். மேஸ்திரி அதைக் கழற்றித் தட்டினார். சுண்ணாம்பு போல உதிர்ந்தது. சுத்தம் செய்து, புது தெர்மாஸ்டாட் போட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றினார். தெர்மாஸ்டாட்டின் விலை சில நூறு ரூபாய்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

தெர்மாஸ்டாட் நல்லதா, கெட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழியை மேஸ்திரி செய்து காட்டினார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வேடிக்கையாகவும் இருக்கும். பெரியவர்கள் கூட இருந்து செய்யவேண்டும்.

முதலில் வால்வைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போதே இடைவெளி தெரிந்தால் அது செத்துப்போன வால்வு. சோதிக்கவே வேண்டாம். இடைவெளி இல்லாவிட்டால், கதவின் இடுக்கில் ஒரு நூலைச் செருகுங்கள். நூலைக் கவ்விக்கொண்டு வால்வு தொங்கும். ஒரு பழைய தகரடப்பாவில் தண்ணீர் வைத்து, வால்வு அடியைத் தொடாமல் மூழ்கும்படி தொங்கவிட்டு, அடுப்பில் சுடவையுங்கள். கூடவே தெர்மாமீட்டர். வால்வின் மேல் 82 என்று பொறித்திருந்தால், அந்தச் சூடு வரும்போது கதவு திறக்கும். நூலைவிட்டு வால்வு 'டப்' என்று விழும்! தண்ணீர் கொதித்த பிறகும் விழாவிட்டால் அது மூடிய நிலையில் கெட்டுவிட்டது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இதற்குப் போடாதீர்கள். அது 42 டிகிரி சென்டிகிரேடு வரைக்கும்தான். உடைந்துவிடும். சமையல் பாத்திரத்தையும் எடுக்காதீர்கள். கூலண்ட் விஷம். அதுவும் இனிப்பான விஷம். கீழே சிந்தினால் குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும். ராஜபாளையத்து நாயானாலும் கூலண்டுக்கு முன்னால் ஒன்றும் செய்யமுடியாது. சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

வண்டியிலேயே சோதிப்பதானால், காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பாருங்கள். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்திவிட்டு மேல் ஹோசைத் தொடுங்கள். ஓடும்போது விசிறியும் பெல்ட்டும் சுற்றும். துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் அருகில் போகக்கூடாது. எஞ்சின் சுடும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அது பிரஷர் குக்கர் மாதிரி. உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திறந்தால் முகத்தில் அடித்துவிடும்.

வேறு திருடர்களும் உண்டு

தெர்மாஸ்டாட் சரியாக இருந்தும் வண்டி பெட்ரோல் குடிக்கிறதா? வேறு காரணம் பார்க்கவேண்டும்.

சோக்கை இழுத்துவிட்டு உள்ளே தள்ள மறப்பவர்கள் உண்டு. தள்ளினாலும் கம்பி சிக்கி, உள்ளே பாதி மூடியபடி நிற்பதும் உண்டு. மின்சார விசிறி உள்ள கார்களில் சுவிட்சு கெட்டால், விசிறியை "டைரக்ட்" ஆகக் கொடுத்துவிடுகிறார்கள். சாவி போட்டதிலிருந்து விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். இதுவும் எஞ்சினைக் குளிரவைக்கும் வேலைதான். புதிய முறை வண்டிகளில் சூட்டைச் சொல்லும் சென்சார் கெட்டு, சுடும் எஞ்சினையும் "குளிர்கிறது" என்று பொய் சொல்லும். மெக்கானிக் கருவி வைத்துப் பார்த்து "பி-0128 காட்டுகிறது" என்றால், முதலில் தெர்மாஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் உரிய சூட்டை எட்டவில்லை என்பதுதான் அந்தக் குறியின் அர்த்தம்.

ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டயரில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் போகும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் காற்றுப் பிடிக்க மட்டும் யாருக்கும் நேரம் இல்லை.

டீசல் வண்டிகளுக்குச் சோக் கிடையாது. ஆனால் குளிர் அவற்றையும் விடாது. வெள்ளைப் புகையும் தடதடவென்ற சத்தமும் நெடுநேரம் அடங்காவிட்டால் தெர்மாஸ்டாட்டையும் சந்தேகப்படலாம். ஊட்டிப் பக்கம் சில லாரிக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டி ஓட்டுவார்கள். எஞ்சினுக்குப் போர்வை! அவர்களுக்குக் குளிரின் செலவு தெரியும். நாம்தான் வெயிலை நம்பி ஏமாறுகிறோம்.

தை மாதத்தில்

ஒரு மாதம் கழித்து மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். அம்மாள் கேட்காமலே நோட்டை எடுத்து நீட்டினார். புது தெர்மாஸ்டாட் போட்ட பிறகு, நாலு வாரக் கணக்கு. லிட்டருக்கு பன்னிரண்டரை கிலோமீட்டர்.

"பழைய 13 வரலையே?" என்றோம்.

"எட்டு மாசம் குளிரில் கிடந்த வண்டி. அதுக்குள்ளே எஞ்சினும் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும்னு மேஸ்திரி சொன்னார். ஆயிலையும் மாத்திட்டார். பார்ப்போம்" என்றார், கணவர்.

இப்போது வேன் இருமுவதில்லை. சோக்கை ஒரு நிமிஷத்தில் உள்ளே தள்ளிவிடுகிறார். மம்சாபுரம் விலக்கு தாண்டுவதற்குள் முள் நடுவில் வந்து நிற்கிறதாம். சீட்டு மட்டும் கொஞ்சம் சுடுகிறது. அம்மாள் ஒரு பழைய கம்பளியை மடித்துத் தைத்துப் போட்டிருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டில் "கொர்... கொர்..." என்று சத்தம் கேட்டது. அம்பாசிடர் கார். 2014-ல் அம்பாசிடர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. வேன்காரர் அவரிடம் போய்த் தெர்மாஸ்டாட்டைப் பற்றிச் சொன்னார்.

"அது நம்ம வண்டியில் ஏது? வாங்கின அன்னைக்கே கழற்றிப் போட்டாச்சு!" என்று சொல்லிவிட்டு, அவர் சோக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தார்.